மாதர் சங்கக் குழுப்படங்களும் சமூக அடையாளமும் – கோவிந்தாபுரம் எல்லைப் பகுதியை முன்வைத்து

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டு எழுதியபோது, வழக்கம்போல் ஏதாவதொரு சமணக் கல்வெட்டைப் பற்றி எழுதி அனுப்புவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். பாத்திரக் கடை வைத்துப் பிழைப்பவன் கல்வெட்டைப் பற்றி எழுதினால் யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை என்கிற வசதி அதில் உண்டு. இம்முறை ஒரு போட்டோவைப் பற்றி எழுதுகிறேன். கல்வெட்டும் இடையில் வரும். அதை விட்டு என்னால் எழுத முடியாது.

கோவிந்தாபுரம் என்றதும் நம் வாசகர்களில் பலருக்குச் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகிற சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் அது. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, முதலமடை பஞ்சாயத்து. சுற்றிலும் மாந்தோப்பு, தொலைவில் நெல்லியாம்பதி மலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிக்காக லாரியை நிறுத்துவது போய்விட்டது. அதற்கு முன் பில் புத்தகத்தோடு நான் அங்கே காத்துக் கிடந்த நேரத்தைக் கூட்டினால் கால் ஆயுள் தேறும். இதே பஞ்சாயத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால், கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சுற்றி மறுபடி கேரளத்துக்குள் வர வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ‘நீ எந்த ஊர்க்காரி, என்ன பாஷைக்காரி’ என்று ஒருத்தியைக் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் வராது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம், வந்தவாசி திண்டிவனம் வட்டாரத்தில், தமிழ்ச் சமணர்களை நயினார் என்பார்கள். இங்கே எல்லோருக்கும் நான் செட்டியார். வியாபாரம் செய்கிறவன் செட்டியார்தானே என்பது இங்குள்ளவர்கள் கணக்கு. திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலருக்காக எல்லைப் பகுதிப் பழைய படங்களைச் சேகரித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தேன். கிடைத்தவற்றில் ஒன்று 1960-களில் எடுத்த மாதர் சங்கக் குழுப்படம். கெட்டி அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். நாற்காலியில் 7 பேர், பின்னால் நிற்பவர்கள் 10 பேர், முன்னால் பாயில் 6 பேர், மடியிலும் பக்கத்திலுமாகக் குழந்தைகள். பாய்க்கு நடுவே ஒரு தையல் மெஷின், அதன்மேல் சாய்த்து வைத்த சிலேட்டு. சிலேட்டில் சாக்பீஸால் மேலே தமிழில் மாதர் சங்கம் என்றும், கீழே மலையாள எழுத்தில் மகிளா சமாஜம் என்றும் எழுதியிருக்கிறது.

நல்ல படம். பக்க அகலத்துக்குள் அடங்கவில்லை என்று அச்சக்காரர் சொன்னார். இடது ஓரத்தில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளச் சொன்னேன். கீழே தலைவி பெயரும் செயலாளர் பெயரும் போட்டு, ‘மற்றும் பலர்’ என்று எழுதி முடித்தேன். மலரும் வந்தது, பாராட்டும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாத்திரம் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மடித்த மலரைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார்.

“ஏனுங்க செட்டியாரே, இதுல எங்கம்மா எங்கீங்க?”

எனக்குப் புரியவில்லை. பேரெல்லாம் போட இடமில்லை அம்மா, மற்றும் பலர் என்று போட்டிருக்கிறோமே என்றேன்.

“அதைத்தானுங்க கேக்கறேன். அந்தப் பலர்ல கூட எங்கம்மா இல்லீங்களே.”

விரலை வைத்துக் காட்டினார். நிற்பவர்கள் வரிசையில் இடது கோடியில் ஒரு தோளும் முழங்கையும் மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் என் கத்தரிக்குப் போய்விட்டன. “இது எங்கம்மா தோளுங்க” என்றார்.

அட்டைப் படத்தை உள்ளிருந்து எடுத்து வந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவருடைய தாயாருக்கு வேறு படமே கிடையாதாம். அவர்கள் காலனியிலிருந்து அந்தச் சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தானாம். ஓரத்தில் நின்றவர் யார், ஏன் ஓரத்தில் நின்றார் என்பதை நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பக்க அகலம்தான் காரணம் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் வலது ஓரத்தில் வெட்டியிருந்தாலும் பக்கத்துக்குள் அடங்கியிருக்கும். வலது கோடியில் நின்றது எனக்குத் தெரிந்த குடும்பம்.

அன்றிலிருந்து மாதர் சங்கப் படங்கள் எங்கே கிடைத்தாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில் கண்டதுதான் இக்கட்டுரை.

படம் எடுத்த முறையும் அதன் விளைவும்

பழைய குழுப்படங்களில் பெண்கள் ஏன் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று இளையவர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் பயந்தவர்கள் என்று விளக்கமும் சொல்கிறார்கள். காரணம் பெரும்பாலும் காமிராவில்தான் இருக்கிறது. முக்காலியில் நிறுத்திய பெரிய காமிரா, தலையில் கறுப்புத் துணி, உள்ளே கண்ணாடித் தகடு. பாயில் இருப்பவர், நாற்காலியில் இருப்பவர், பின்னால் நிற்பவர் மூவரும் ஒரே படத்தில் தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். துவாரம் சுருங்கினால் வெளிச்சம் குறையும், அப்போது நேரம் கூடும். முப்பது பேர் ஒரு கணம் அசையாமல் இருக்க வேண்டும். சிரித்த முகம் அசையும், இறுக்கிய முகம் அசையாது. குழந்தைகள் மட்டும் அசைந்துவிடும். அதனால்தான் பழைய படங்களில் அம்மாக்கள் தெளிவாகவும் குழந்தைகள் கலங்கலாகவும் இருக்கிறார்கள்.

நாற்காலிகளைச் சற்றே வில்போல் வளைத்துப் போடுவார்கள். எல்லோரும் லென்ஸுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. அப்படியும் ஓரத்தில் வெளிச்சம் குறையும், உருவம் மங்கும். ஆகவே நடு இடம் என்பது மரியாதைக்கு மட்டுமல்ல, தெளிவுக்கும் உரியது. அங்கே தலைவி, இரு பக்கமும் செயலாளரும் பொருளாளரும், வந்திருந்தால் பிளாக் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி அம்மாள். கடைசியாகச் சேர்ந்தவர், தாமதமாக வந்தவர், நல்ல புடவை இல்லையென்று கூச்சப்பட்டவர், ‘நீங்க அப்படி ஓரமா நில்லுங்க’ என்று சொல்லப்பட்டவர் ஆகியோருக்கு ஓரம். முதலில் வெளிச்சம் அவர்களை விட்டுப் போகிறது. பிறகு அட்டையில் ஒட்டும்போது ஓரம் சீவப்படுகிறது. பழைய அச்சுக்கூடங்களில் படத்துக்குப் பிளாக் செய்ய சதுர அங்குலக் கணக்கில் கூலி. காசை மிச்சம் பிடிக்க மறுபடி ஓரம் சீவப்படும். கடைசியில் என்னைப் போன்ற ஒருவன் வருகிறான்.

படம் பிடித்தவர்கள் அநேகமாக ஆண்கள். பெண்களுக்குப் பெண்களே படம் எடுக்கும் ஏற்பாடும் சில இடங்களில் இருந்திருக்கிறது. ஐதராபாத்தில் லாலா தீன்தயாள் 1892-இல் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டுடியோ திறந்து, அதை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். வங்காளத்தில் அன்னபூர்ணா தத்தா வீடுகளுக்கே சென்று பெண்களைப் படம் எடுத்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவுக்கு 1930-களின் இறுதியில் பம்பாயில் முதன்முதலாக அச்சில் வந்த படங்களே ஒரு பெண்கள் மன்றத்தின் பிக்னிக் படங்கள்தாம். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளியாயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்துக்குள் இருக்கிற பெண்ணின் பெயர் போவதைப் பற்றிப் பேசுகிறோம். படம் எடுத்த பெண்ணின் பெயரே போயிருக்கிறது.

சங்கம், சமாஜம், அயல்கூட்டம்

பெண்கள் ஒன்றுகூடிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு நம் மாநிலங்களில் பழைய முன்மாதிரி சென்னையில் இருக்கிறது. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோரோடு, நமது பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதனும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அந்தக் குழுவின் படம் இன்றும் வரலாற்றுப் புத்தகங்களில் வருகிறது. வாக்குரிமை உடனே கிடைக்கவில்லை. மாகாண சட்டசபைகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். சென்னை 1921-இல் முதலாவதாக வழங்கியது. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்ற மேலவைக்கு வந்தார். பெண்களுக்கு அரசியல் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு, ‘இதோ இத்தனை பேர் இருக்கிறோம்’ என்று காட்ட ஒரு சாட்சி தேவைப்பட்டது. குழுப்படம் அந்த வேலையைச் செய்தது என்று கருதுகிறேன். மனுவில் கையெழுத்து இருக்கலாம். கையெழுத்தை யாரோ போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். முகத்தை அப்படிச் சொல்ல முடியாது.

ஊர்ப்புறத்துக்கு இது வந்தது சுதந்திரத்துக்குப் பின். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு கிராம சேவிகாக்கள் வந்தார்கள், ஊர் ஊராக மாதர் சங்கம் அமைந்தது. தையல், பால்வாடி, கூட்டுப் பிரார்த்தனை, ஆண்டுக்கு ஒரு படம். கொல்லங்கோடு அப்போது மலபார் மாவட்டத்தில், அதாவது சென்னை மாநிலத்தில் இருந்தது. பக்கத்திலேயே சித்தூர் பழைய கொச்சி அரசைச் சேர்ந்த பகுதி. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு மாநிலம் மாறிவிட்டது. நான் மேலே சொன்ன சிலேட்டில் இரண்டு மொழியில் இரண்டு பெயர் இருப்பதன் காரணம் இதுதான். மாதர் சங்கம் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். மகிளா சமாஜம் என்பது அரசாங்கம் அவர்களை அழைத்த பெயர். சாக்பீஸ் பிடித்த கை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ் மேலே இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்றைய படங்களில் சிலேட்டு இல்லை, பேனர் இருக்கிறது. 1998 மே 17-ஆம் தேதி மலப்புரத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்த குடும்பஸ்ரீ, கேரளத்து வீடுகளை அயல்கூட்டங்களாகச் சேர்த்தது. வீட்டுக்கு ஒரு பெண், 10 முதல் 20 பேர் ஒரு கூட்டம்; வார்டு அளவில் ஒரு சமிதி, பஞ்சாயத்து அளவில் ஒரு சமிதி. சாவடிக்கு அந்தப் பக்கம் மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் அது 1989-இல் தர்மபுரியில் தொடங்கியது. அக்காள் ஆனைமலையில் குழுத் தலைவி, தங்கை முதலமடையில் அயல்கூட்டச் செயலாளர் என்ற குடும்பங்கள் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் வட்டிக் கணக்கு ஒரே மாதிரிதான் போடுகிறார்கள், படத்தில்தான் வித்தியாசம். அக்காளின் குழு ஒரே நிறப் புடவையில் நிற்கும். தங்கையின் கூட்டம் ஓணத்துக்குச் செட்டுசாரியில், பொன்னிறக் கரை தெரிய நிற்கும். பேனர் முழுக்க மலையாளம்.

நம்மவர்களில் சிலர் இதைப் பார்த்துத் தமிழ் போய்விட்டது என்று வருத்தப்படுகிறார்கள். நானும் ஒருமுறை ஓர் அயல்கூட்டத்தாரிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். ஒரு பெண் பட்டென்று சொன்னாள்: “கட்டுனா அழகா இருக்குதுங்க, கட்டறோம். அதுக்குன்னு மலையாளத்துக்காரி ஆயிருவமா? கூட்டத்துல நாங்க பேசறது தமிழ்தானுங்க, மினிட்ஸ்தான் மலையாளத்துல எழுதறோம்.” எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆனால் அந்த மினிட்ஸ் புத்தகத்தில்தான் ஒரு சங்கடம் இருக்கிறது. மாரியாத்தாள் என்ற பெயர் மலையாள எழுத்துக்குப் போகும்போது கடைசி மெய் உதிர்ந்து ‘மாரியாத்தா’ ஆகிறது. அப்பா பெயரின் முதலெழுத்து போட்டவருக்கு வீட்டுப் பெயர் கேட்கிறார்கள். வீட்டுப் பெயர் வழக்கம் இல்லாதவருக்கு ஊர்ப் பெயரோ காலனிப் பெயரோ ஒட்டிக்கொள்கிறது. ரேஷன் கார்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று என்று ஒரே பெண் மூன்று பேராகிறாள்.

வெறும் எழுத்துப் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் என்று கருதப்படுகிறவர், அதற்கு முன்பே தன் குடும்பம் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பது கஷ்டம். இடுக்கித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் இந்த ஒரு காகிதத்துக்காகப் படுகிற பாடு நம் வாசகர்களுக்குத் தெரியும். தாசில்தார் ஆபீசில் குழுப்படம் ஆதாரமாகச் செல்லாது. எனினும் பாட்டி யாரோடு நின்றாள், எந்த ஊரில் நின்றாள், அவளை அறிந்தவர் இன்று யார் உயிரோடு இருக்கிறார், எந்தப் பள்ளிப் பதிவேட்டைத் தேட வேண்டும் என்பதற்குப் பெயர் எழுதிய படம் வழிகாட்டும். பெயர் எழுதாத படம் ஊமை.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதிப் படங்களைப் பற்றிப் பேசுவது நாணயம் ஆகாது. 2017 ஜூனில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியைச் சேர்ந்த சக்கிலியர் சமூகத்தார், டீக்கடையில் தனிக் குவளை, தண்ணீர் பிடிக்கத் தனிக் குழாய் என்று ஒதுக்கப்படுவதாக முறையிட்டது கேரளம் முழுக்கச் செய்தி ஆயிற்று. அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. ஆனால் கையில் இருக்கிற படங்களில் யார் நாற்காலியில், யார் பாயில், யார் ஓரத்தில் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தெரியும். இன்றைய அயல்கூட்டப் படங்களில் நாற்காலிகள் குறைந்துவிட்டன, எல்லோரும் நிற்கிறார்கள். இது நல்ல மாற்றம். அதேசமயம் பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்துதான் அயல்கூட்டம் என்பதால், காலனி தனியாக இருக்கிற ஊரில் கூட்டமும் தனியாகி, படமும் தனியாகிவிடுகிறது. அந்தக் காலத்து மாதர் சங்கத்தில் ஓரத்திலாவது ஒருவர் நின்றார்.

நாற்காலியே இல்லாத படம் ஒன்றும் நம் பகுதிக்கு உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கேட்டது கிடைத்தது. பிறகு தினக்கூலியும் 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. பத்திரிகையில் வந்த படங்களில் ஆயிரக்கணக்கான தலைகள். நடு எது, ஓரம் எது என்று சொல்ல முடியாது. மாதர் சங்கப் படத்தில் ஓரத்தில் நின்றவர்களின் பேத்திகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் படங்களின் கீழும் இரண்டு மூன்று தலைவிகளின் பெயர்தான் இருந்தது. மீதி ‘தோட்டத் தொழிலாளர்கள்’. அந்தத் தலைகளுக்கு யாராவது பெயர் எழுதி வைத்திருக்கிறார்களா?

கழுகுமலையும் பெயர் வெட்டும் மெஷினும்

இந்த இடத்தில் என் கல்வெட்டுக்கு வருகிறேன். தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையில், பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 8, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய குழுப்படம் போலவே இருக்கும். எல்லாம் ஒரே முகம், ஒரே அமர்வு. வித்தியாசம் கீழே இருக்கிறது. ஏறக்குறைய 100 வட்டெழுத்துக் கல்வெட்டுகளில், இன்ன ஊர் இன்னார் செய்வித்தது, இன்னார் மாணாக்கர் செய்வித்தது என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். அரசன் பெயரைப் போட்டு ‘மற்றும் பலர்’ என்று முடிக்கவில்லை. தச்சர், குயவர், கொல்லர் பெயர்கள் இருக்கின்றன. பெண் ஆசிரியர்களான குரத்தியர் பெயர்கள் இருக்கின்றன: சங்கக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஊரோடு சேர்த்து. அந்தத் திருச்சாரணம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கேயும் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பகவதிக்குப் பொன் கொடுத்த செய்தி கல்லில் இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலம், 9-ஆம் நூற்றாண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய பெண்ணின் பெயர், யாருடைய மாணாக்கி என்ற விவரத்தோடு நமக்குத் தெரிகிறது. அறுபது வருஷத்துக்கு முந்தைய மாதர் சங்க உறுப்பினரின் பெயர் தெரியவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை கழுகுமலையைப் பற்றிப் பேசுகிறவன்தானே அந்த ‘மற்றும் பலர்’ எழுதியவன்.

இன்னொன்று. என் கடையில் பெயர் வெட்டும் மெஷின் இருக்கிறது. பெண்கள் ஒரு டம்ளர் வாங்கினால்கூடப் பெயர் வெட்டாமல் எடுத்துப் போக மாட்டார்கள். அன்பளிப்பு என்றால் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதி மூன்றும் வேண்டும். சங்கத்துப் பொதுப் பாத்திரத்தில் சங்கத்தின் பெயர் கட்டாயம். இல்லையென்றால் கல்யாண வீட்டிலிருந்து அண்டா திரும்பி வராது. டம்ளருக்கு உள்ள பாதுகாப்பைப் படத்துக்கு நாம் கொடுக்கவில்லை.

பெயர் எழுதிய கதை

அந்த அம்மாள் வந்துபோன பிறகு, அந்தப் படத்தை முழுசாகப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டேன். அதன்மேல் மெல்லிய பட்டர் பேப்பர் வைத்து, ஒவ்வொரு உருவத்தின் வெளிக்கோட்டையும் வரைந்து எண் கொடுத்தேன். பாயிலிருப்போர் 1 முதல் 6, அமர்ந்திருப்போர் 7 முதல் 13, நிற்போர் 14 முதல் 23, இடமிருந்து வலமாக. அந்த அம்மாளின் தாயார் எண் 14. பிறகு வயதான பெண்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆண்களிடம் கேட்டால் ‘இது இன்னார் சம்சாரம்’ என்று சொல்வார்கள். பெண்களிடம் கேட்டால்தான் பெயர் வரும். முகத்தை மறந்தவர்கள் மூக்குத்தியை வைத்துச் சொன்னார்கள். ஒரு பாட்டி, அந்தப் புடவை தன்னுடையது, படத்துக்காக இரவல் வாங்கிக் கட்டியவள் இன்னாள் என்று அடையாளம் சொன்னார்.

வாசகர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்பதால் சில நடைமுறைகளைச் சொல்கிறேன். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். முன்பக்கம் தழும்பு விழும், மையும் ஊறும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். பழைய படத்தை லாமினேட் செய்யவே கூடாது. பின்னால் பிரிக்கவே முடியாது, நம்மூர் ஈரத்தில் உள்ளே பூசணம் பிடித்தால் படம் போச்சு. 1980-களின் கலர் படங்கள் சிவந்து வெளுத்துக்கொண்டே வருகின்றன. அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். செல்போனில் இருக்கிற அயல்கூட்டப் படங்களில் ஆண்டுக்கு ஒன்றாவது பிரிண்ட் போட்டு, மினிட்ஸ் புத்தகத்துக்குள் பெயரோடு ஒட்டி வையுங்கள். பெயரை அந்தப் பெண் எப்படிச் சொல்கிறாளோ அப்படியே, தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். போன் உடைந்தால் படம் போகும். மினிட்ஸ் புத்தகத்தை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், கடன் பாக்கி அதில்தான் இருக்கிறது.

ஆனால் எல்லோரும் பெயர் வேண்டும் என்று சொல்வார்கள் என நான் நினைத்தது தப்பு. ஒரு பேத்தி, நகரத்தில் நல்ல வேலையில் இருக்கிறவள், போனில் சொன்னாள்: “எங்க பாட்டி பேரு வேண்டாங்க அங்கிள். பேரைப் போட்டா எந்தத் தெருன்னு தெரியும், தெரு தெரிஞ்சா மத்ததும் தெரியும்.” நான் ஒன்றும் வாதாடவில்லை. கழுகுமலைக் கணக்கை அவளிடம் சொல்ல நாக்கு வரவில்லை. அந்த எண்ணுக்கு நேரே பெயரை என் நோட்டில் மட்டும் எழுதி, அச்சுக்கு இல்லை என்று குறித்து வைத்திருக்கிறேன். இக்கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதாததற்கும் காரணம் இதுதான். குடும்பத்தார் ஒவ்வொருவரும் சரி என்ற பிறகு, படத்தோடு சேர்த்துத்தான் பெயர் வர வேண்டும். எண் 14-இன் மகள் அன்றைக்கே சரி சொல்லிவிட்டார். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். கடைசியில் ‘ள்’ விடக்கூடாது என்றார்.

இதுவரை 23 பேரில் 19 பேர் தெரிந்துவிட்டது. படம் இப்போது கடையில் கல்லாவுக்கு மேல் கண்ணாடிக்குள் இருக்கிறது, ஓரம் எதுவும் வெட்டாமல். பாத்திரம் வாங்க வருகிறவர்கள் பில் போடும் நேரத்தில் அண்ணாந்து பார்க்கிறார்கள். போன மாதம் கொல்லங்கோட்டிலிருந்து வந்த ஒரு பாட்டி எண் 3-ஐப் பார்த்து, மடியில் இருக்கிற கலங்கலான குழந்தை தான்தான் என்றார். நல்லதாகப் போயிற்று என்று அம்மாவின் பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். எண் 5, 18, 19, 21 இன்னும் பாக்கி.